‘ஹபோன்’ என்னும் அரிய ஸ்பானியக் குடும்பப்பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹபோன் என்பது உண்மையிலேயே ஒரு குடும்பப்பெயரா?

ஆம். ஸ்பானிய மொழியில் ஜப்பான் நாட்டைக் குறிக்கும் சொல்லும் இந்தக் குடும்பப்பெயரும் எழுத்திலும் ஒலிப்பிலும் ஒன்றே. தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா பகுதியில், செவில்லா நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், குவாதல்கிவிர் ஆற்றின் கரையில் கோரியா தெல் ரியோ என்ற ஊர் இருக்கிறது. சுமார் 30,000 பேர் வாழும் அந்த ஊரில் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் கடைப் பலகையிலும் கல்லறைக் கல்லிலும் இந்தப் பெயரைச் சாதாரணமாகக் காணலாம்.

இன்று எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது?

கோரியாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 600 முதல் 700 பேர் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஸ்பெயினின் மக்கள்தொகை 4.8 கோடிக்கும் மேல் என்பதால், நாடு முழுவதற்குமாகப் பார்த்தால் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவே வரும். அதே நாட்டில் கார்சியா என்பதை முதல் குடும்பப்பெயராகக் கொண்டவர்கள் 14 லட்சத்துக்கும் அதிகம். ஆனால் இந்தப் பெயரின் வரலாற்றுக்கு எண்ணிக்கையைவிட அதன் பரவல்தான் முக்கியமானது. அரிய பெயர்கள் பலவும் காலப்போக்கில் நாடெங்கும் சிதறிக் கிடக்க, ஹபோன் மட்டும் ஒரே ஆற்றங்கரையில் குவிந்திருக்கிறது. ஒரு பெயர் பிறந்த இடத்தைத் தேடுகிறவர்களுக்கு இத்தகைய குவிதல் தெளிவான தடயம்.

அந்தக் கணக்கை எடுப்பது யார்? அதை எப்படிப் படிக்க வேண்டும்?

ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனம், ஊராட்சிகள் பராமரிக்கும் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து குடும்பப்பெயர்ப் புள்ளிவிவரங்களைத் தொகுத்து, எவரும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு. வழக்கப்படி முதலாவது தந்தையின் முதல் பெயர், இரண்டாவது தாயின் முதல் பெயர். எனவே ஒரு பெயரைத் தேடினால் மூன்று எண்கள் கிடைக்கும்: அதை முதல் பெயராகக் கொண்டவர்கள், இரண்டாவது பெயராகக் கொண்டவர்கள், இரண்டு இடத்திலும் அதையே கொண்டவர்கள். முதல் இரண்டையும் அப்படியே கூட்டிவிட்டால் மூன்றாவது வகையினர் இருமுறை எண்ணப்பட்டுவிடுவார்கள். இணையத்தில் உலவும் எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இந்தக் கூட்டல் ஒரு முக்கியக் காரணம்.

நாடு முழுவதிலும் 20 பேருக்குக் குறைவாக இருக்கும் பெயர்களைத் தனியுரிமை கருதி அந்த நிறுவனம் வெளியிடுவதில்லை. மாகாண அளவில் இந்த வரம்பு 5. ஆகவே ஒரு மாகாணம் வெறுமையாகத் தெரிந்தால் அங்கே அந்தப் பெயரே இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

ஜப்பானியர் அந்த ஊருக்கு எப்படி வந்தார்கள்?

வட ஜப்பானின் செந்தாய் பகுதியை ஆண்ட தாதே மசாமுனே, மெக்சிகோவுடன் நேரடி வணிகம் வேண்டியும் கிறித்தவ மறைப்பணியாளர்களை அனுப்பக் கோரியும் ஒரு தூதுக்குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதன் தலைவர் ஹசெகுரா சுனெனாகா என்ற சாமுராய். வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமாக உடன் சென்றவர் லூயிஸ் சோதேலோ என்ற பிரான்சிஸ்கன் துறவி. அவர் செவில்லாவில் பிறந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். பயணத்தின் பாதை அந்த நகரை நோக்கித் திரும்பியதில் அவருடைய பங்கு பெரிது.

1613 அக்டோபர் இறுதியில், ஜப்பானிலேயே கட்டப்பட்ட ‘சான் ஹுவான் பாவ்திஸ்தா’ என்ற கப்பல் ஏறத்தாழ 180 பேருடன் சுகினோஊரா துறையிலிருந்து புறப்பட்டு, பசிபிக் கடலைக் கடந்து, 1614 ஜனவரியில் மெக்சிகோவின் அகபுல்கோவை அடைந்தது. அங்கிருந்து நிலவழியாக மறுகரைக்குச் சென்று, ஸ்பானியக் கப்பலில் ஹவானா வழியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது குழுவில் ஏறத்தாழ 30 ஜப்பானியரே இருந்தனர். 1614 அக்டோபர் 5 அன்று அவர்கள் குவாதல்கிவிர் கடலில் கலக்கும் சான்லூகார் தெ பர்ரமேதா துறைமுகத்தில் இறங்கினார்கள். பின்னர் ஆற்றில் மேல்நோக்கி வந்து, செவில்லா நகரம் வரவேற்புக்கு ஆயத்தமாகும்வரை கோரியாவில் தங்கவைக்கப்பட்டார்கள். செவில்லா நகரவைக்கு மசாமுனே அனுப்பிய கடிதம் இன்றும் அந்நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இந்தத் தூதுக்குழு தொடர்பாக ஜப்பானிலும் ஸ்பெயினிலும் உள்ள ஆவணங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தூதுக்குழுவில் சிலர் நாடு திரும்பாமல் தங்கியது ஏன்?

யாரும் தம் காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் தங்கவில்லை. ஆனால் சூழ்நிலை நமக்குத் தெரியும். ஹசெகுரா 1615 ஜனவரி 30 அன்று மத்ரீதில் மன்னர் மூன்றாம் ஃபெலிப்பேயைச் சந்தித்தார். பிப்ரவரி 17 அன்று அங்கேயே ஞானஸ்நானம் பெற்று ஃபெலிப்பே பிரான்சிஸ்கோ என்ற பெயரை ஏற்றார். நவம்பரில் உரோமையில் திருத்தந்தை ஐந்தாம் பவுலைக் கண்டார். இவ்வளவு மரியாதைகள் கிடைத்தும் வணிக உடன்படிக்கை மட்டும் கிடைக்கவில்லை. அவர்கள் பயணத்தில் இருந்த காலத்திலேயே, 1614இன் தொடக்கத்தில், ஜப்பானை ஆண்ட தொகுகாவா ஆட்சி கிறித்தவ மதத்தைத் தடைசெய்துவிட்டது. துன்புறுத்தல் பற்றிய செய்திகள் ஸ்பெயினுக்கு எட்டியபின், கிறித்தவர்களை வதைக்கும் நாட்டின் தூதர்களுக்கு மன்னர் என்ன வாக்குறுதி தர முடியும்?

புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஊர் திரும்புவது உயிருக்கே ஆபத்து என்ற நிலை உருவாகியிருந்தது. ஹசெகுராவே செவில்லாவுக்கு வெளியே எஸ்பார்தீனாஸ் ஊரின் லொரேத்தோ மடத்தில் தங்கிக் காலந்தாழ்த்தி, இறுதியில் 1617 ஜூலையில்தான் புறப்பட்டார். அவர் 1620இல் நாடு சேர்ந்து 1622இல் இறந்தார். இரகசியமாக ஜப்பானுக்குத் திரும்பிய சோதேலோ 1624இல் ஓமுராவில் உயிரோடு எரிக்கப்பட்டார். ஸ்பெயினிலேயே தங்கிவிட முடிவெடுத்தவர்களின் அச்சம் வீண் அச்சமாக இருக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு மரணமே போதும்.

நாட்டின் பெயர் எப்படிக் குடும்பப்பெயராக மாறியது?

அக்கால ஸ்பானியத்தில் ‘ஹபோன்’ என்பது நாட்டை மட்டுமல்லாமல், அந்நாட்டு மனிதரையும் குறித்தது. ஜப்பானியர்களை ‘ஹபோனேஸ்’ என்று பன்மையில் எழுதுவார்கள். ஆகவே ஞானஸ்நானத்தில் பெற்ற மார்த்தின், தோமாஸ், ஹுவான் போன்ற பெயர்களை அடுத்து எழுத்தர் சேர்த்த ‘ஹபோன்’ என்ற சொல், தொடக்கத்தில் இன்னார் இன்ன இடத்தவர் என்னும் அடையாளக் குறிப்பாகவே இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் காலத்தில் அது பெயரோடு ஒட்டிக்கொண்டது. இது ஸ்பெயினுக்குப் புதிய வழக்கமும் அல்ல: தொலேதோ, செவில்லா, கதலான், நவார்ரோ ஆகிய குடும்பப்பெயர்களெல்லாம் வந்தேறிய ஒருவரை அவர் வந்த இடத்தைச் சொல்லி அழைத்ததால் உருவானவையே.

ஜப்பானியப் பெயர்கள் ஏன் நிலைக்கவில்லை என்றால், பங்குக் குருவுக்கு (ஊர் ஆலயத்தின் பொறுப்பாளரான குருவுக்கு) அவற்றை எழுதுவதும் சொல்வதும் கடினமாக இருந்திருக்கும் என்பது ஒரு காரணம். ஞானஸ்நானத்தோடு புதுப் பெயர் ஏற்பது அக்கால முறைமை என்பது இன்னொன்று. 1530களில் ஞானஸ்நானம் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பெர்னாண்டோ முதலிய போர்த்துக்கீசியப் பெயர்கள் குடும்பப்பெயர்களாக நிலைத்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். கோரியாவில் நேர்ந்தது அதன் மறுபக்கம்: கொடுத்தவரின் பெயரல்ல, வந்தவரின் நாடு நிலைத்தது.

இதற்கு நேரடி ஆவணச் சான்று உண்டா?

தூதுக்குழுவைச் சேர்ந்த ஒருவர் ஹபோன் என்ற பெயருடன் ஸ்பெயினில் தங்கியிருந்தார் என்பதற்குச் சான்று உண்டு. தோமாஸ் ஃபெலிப்பே ஹபோன் என்ற ஜப்பானியர் எஸ்த்ரேமாதூரா பகுதியின் சாஃப்ரா ஊரில் ஒருவரிடம் வேலைக்குச் சேர, அந்த எசமானர் அவரை அடிமையாக நடத்தியிருக்கிறார். 1622இல் அவர் தம் விடுதலைக்காகவும் நாடு திரும்ப அனுமதி கேட்டும் மன்னரிடம் முறையிட்டார். தாய்நாட்டில் வாள் தரிக்கும் குலத்தில் பிறந்தவர், தம்முடைய சமய நம்பிக்கையின் தலைமை நாடு என்று எண்ணி வந்த நாட்டில் அடிமையாக்கப்பட்ட இந்த நிகழ்ச்சியை, தூதுக்குழுவின் வெற்றிக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. அந்த மனுவில் இருக்கும் பெயர்தான் நம் கேள்விக்கு மிக நெருங்கிய எழுத்துச் சான்று.

ஆனால் கோரியாவின் ஹபோன்களையும் தூதுக்குழுவினரையும் தந்தை, மகன், பேரன் என்று முறிவின்றி இணைக்கும் ஆவணம் கிடைக்கவில்லை. 1563இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தீன் பொதுச்சங்கம் பங்குதோறும் திருமணப் பதிவேடு இருக்க வேண்டும் என்று விதித்ததோடு, ஞானஸ்நானத்தைப் பதிவதையும் ஒழுங்குபடுத்தியது. அந்த விதிப்படி கோரியாவின் சாந்தா மரியா தெ லா எஸ்த்ரேயா பங்கு ஆலயத்திலும் பதிவேடுகள் இருந்தன. நமக்குத் தேவையான 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஏடுகள்தான் அவற்றில் காணாமல் போயின. 1660களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்க்கும்போது ஹபோன் என்ற பெயர் ஏற்கெனவே உள்ளூர்க் குடும்பப்பெயராக, எந்த விளக்கமும் வேண்டாத ஒன்றாக அங்கே நிற்கிறது. இடையில் விடுபட்டது ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அதாவது இரண்டு தலைமுறை.

அப்படியானால் இந்தத் தோற்றக் கதையை எந்த அளவுக்கு நம்பலாம்?

மிக வலுவான சூழ்நிலைச் சான்று என்பது என் மதிப்பீடு. ஐரோப்பியர் ஜப்பான் என்ற பெயரை அறிந்து புழங்கத் தொடங்கியதே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாகத்தான். எனவே அதற்கு முந்தைய வேர் எதையும் இந்தக் குடும்பப்பெயருக்குச் சொல்வது கடினம். காலம் பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, பெயரின் பொருளும் பொருந்துகிறது. மூன்றும் தற்செயலாக ஒரே ஆற்றங்கரையில் கூடின என்று சொல்ல நிறையத் துணிவு வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. போர்த்துக்கீசியக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியர்களை அடிமைகளாகவும் ஏவலர்களாகவும் கொண்டுசென்றன. அந்த வணிகத்தைப் போர்த்துக்கல் மன்னர் செபஸ்தியான் 1571இல் தடைசெய்ய வேண்டிய அளவுக்கு அது இருந்தது. செவில்லாவைப் போன்ற துறைமுக நகருக்கு அந்த வழியில் வந்த ஒருவரிடமிருந்தும் பெயர் தொடங்கியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். அப்படி இருந்தாலும் பெயர் ஜப்பானிய மனிதரிடமிருந்து வந்தது என்ற முடிவு மாறாது. எந்தக் கப்பலில் வந்தார் என்பதுதான் மாறும். தூதுக்குழு கோரியாவிலேயே தங்கியது உறுதியாகத் தெரிந்திருக்கும்போது, நிரூபிக்கும் சுமை மாற்றுக் கருத்தைச் சொல்பவர்மேல்தான் விழும்.

மரபணுச் சோதனை இதைத் தீர்த்துவைக்காதா?

எளிதில் தீர்க்காது. 1617இலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 13 அல்லது 14 தலைமுறைகள் கடந்துவிட்டன. 13 தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 8,192 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவர்மட்டும் ஜப்பானியர் என்றால் சராசரியாக அவர் பங்கு 8,192இல் ஒன்று. நடைமுறையில் அவ்வளவு தொலைவிலிருக்கும் ஒரு மூதாதையரிடமிருந்து மரபணுத் துண்டு எதுவுமே வந்து சேராமலிருக்கும் வாய்ப்புதான் அதிகம். ஒரே ஊரில் உறவுக்குள் திருமணங்கள் நடந்திருந்தால் பங்கு சற்றுக் கூடும், அவ்வளவே.

ஆண்வழியில் மாறாமல் வரும் ஒய் குரோமோசோம் இதைவிடப் பயனுள்ளது. ஜப்பானியரிடையே மிகுதியாகவும் ஐரோப்பியரிடையே ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும் ஒரு மரபுக்குழு (அந்தக் குரோமோசோமின் ஒரு வகை) கோரியாவின் ஹபோன் ஆண் ஒருவரிடம் கிடைத்தால் அது உறுதியான சான்றாகிவிடும். ஆனால் கிடைக்காவிட்டால் கதை பொய் என்று ஆகாது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் குடும்பப்பெயர் ஒரே ஒழுங்கில் இறங்கவில்லை. ஒருவர் தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ ஏற்கலாம். உடன்பிறந்தோர் வேறுவேறு பெயர் தரிக்கலாம். மகள்வழிப் பேரன் ஒருவன் ஹபோன் என்ற பெயரை எடுத்துக்கொண்டிருந்தால், பெயர் நிலைத்திருக்கும், குரோமோசோம் அன்றே மாறிப்போயிருக்கும்.

குழந்தைகளின் முதுகில் காணப்படும் நீலத்தடம், நெல் விவசாயம் ஆகியவை சான்றுகளாகச் சொல்லப்படுகின்றனவே?

இரண்டையும் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. பிறந்த குழந்தையின் முதுகின் கீழ்ப்பகுதியில் தெரியும் நீலச்சாம்பல் தடம் கிழக்காசியக் குழந்தைகளிடம் மிகப் பரவலானது என்பது உண்மை; ஆனால் அது ஆப்பிரிக்க, அமெரிக்கப் பழங்குடி, தெற்காசியக் குழந்தைகளிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. பல நூற்றாண்டுகள் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்திறங்கிய செவில்லா வட்டாரத்தில் அது தென்படுவதற்கு ஜப்பானியர் வந்திருக்க வேண்டிய தேவையில்லை. குவாதல்கிவிரின் சதுப்புநிலங்களில் இன்று பரந்து கிடக்கும் நெல்வயல்களோ 20ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் 1920களுக்குப் பின் உருவானவை. 1617க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. நல்ல சான்றோடு பலவீனமான கதைகளைச் சேர்த்துக் கட்டினால், கேட்பவர் நல்ல சான்றையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

ஸ்பெயினுக்கு வெளியே இந்தப் பெயர் உண்டா?

உண்டு. தெற்கு எக்குவடோரின் லோஹா மாகாணத்தில் வாழும் சராகுரோ பழங்குடி மக்களிடையே ஹபோன் ஒரு வழக்கமான குடும்பப்பெயர். எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று கொள்ள முடியாது. இது புள்ளிவிவரத்தையும் பாதிக்கிறது: சராகுரோக்கள் பலர் அண்மைக் காலத்தில் ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையிலுள்ள அல்மெரியா மாகாணத்துக்கு, குறிப்பாக வேரா நகருக்கு, வேலை தேடிக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். குடியிருப்போர் பதிவேடு வெளிநாட்டவரையும் எண்ணுவதால், அல்மெரியாவில் ஹபோன்கள் இருப்பதைக் கண்டு சாமுராய்களின் வழித்தோன்றல்கள் அங்கேயும் பரவினார்கள் என்று எழுதுவது தவறாகிவிடும். செவில்லா மாகாண எண்ணைத் தனியாகப் பார்ப்பதே பாதுகாப்பானது.

தூதுக்காலத்தை ஒட்டி மெக்சிகோவின் குவாதலஹாராவில் குடியேறிய ஜப்பானியர்களோ வேறு வழி சென்றார்கள். ஓசாகாவில் பிறந்து அந்நகரில் பெருஞ்செல்வராக வாழ்ந்த ஹுவான் தெ பாயேஸ் முற்றிலும் ஸ்பானியப் பெயரையே தரித்தார். ஸ்பெயினில் தங்கியவர்களிலும் அப்படி மறைந்துபோனவர்கள் இருக்கலாம். நம் கண்ணுக்குத் தெரிவது பெயரில் ஊரைச் சுமந்தவர்கள் மட்டுமே.

பெயர் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறதா?

உடனடியாக இல்லை. ஸ்பெயினில் பெண்கள் திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றுவதில்லை. தாயின் பெயர் பிள்ளையின் இரண்டாவது பெயராகத் தொடர்கிறது. முன்பெல்லாம் அடுத்த தலைமுறையில் அது உதிர்ந்துவிடும். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோர் இசைந்தால் தாயின் பெயரை முதலில் வைக்க அனுமதித்தது. 2011ஆம் ஆண்டின் குடிமைப் பதிவுச் சட்டம் தந்தை பெயருக்கான இயல்பு முன்னுரிமையையே நீக்கியது. அந்த விதி 2017 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹபோன் என்ற பெயருடைய தாய்மார்கள் விரும்பினால் அதை முன்னால் வைத்துக் காப்பாற்றலாம்.

இந்தப் பெயருடையவர்கள் இன்று அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

நெடுங்காலம் அது அவர்களுக்கு ஊரின் பல பெயர்களில் ஒன்றாகவே இருந்தது. கோரியாவின் வரலாற்றாசிரியர் விர்ஹீனியோ கார்வஹால் ஹபோன் போன்றவர்கள் பங்கு ஏடுகளைப் புரட்டித் தொகுத்த பின்னரே அது ஊரின் பெருமையாகியது. 1992இல் செவில்லாவில் உலகக் கண்காட்சி நடந்த காலத்தில் ஜப்பானியர் அளித்த ஹசெகுராவின் சிலை கோரியாவின் ஆற்றங்கரையில் நிற்கிறது. 2013 ஜூனில், அப்போது ஜப்பானின் பட்டத்து இளவரசராக இருந்த நருஹித்தோ அங்கு வந்து செர்ரி மரக்கன்று ஒன்றை நட்டார். 2011 சுனாமியில் செந்தாய் பகுதி பேரழிவைச் சந்தித்தபோது கோரியா அந்தத் துயரத்தைத் தன் வீட்டுத் துயரமாகவே ஏற்றது. அதன்பின் இறந்தோரை நினைத்துக் குவாதல்கிவிரில் காகித விளக்குகளை மிதக்கவிடும் சடங்கும் அங்கே நடந்துவருகிறது. பொதுவாழ்வில் அறியப்பட்ட ஹபோன்களும் உண்டு: முதல்தரக் கால்பந்துப் போட்டிகளின் நடுவராக இருந்த ஹொசே ஹபோன் செவில்லா, அந்தலூசியாவின் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஹுவான் மனுவேல் சுவாரெஸ் ஹபோன் ஆகியோர்.

இந்தப் பெயரின் வேரை மேலும் தேட விரும்புபவர் எங்கே தேட வேண்டும்?

அரசின் குடிமைப் பதிவேடு 1871இல் தொடங்குகிறது. அதுவரை பின்னோக்கிச் செல்வது எளிது. அதற்கு முந்தையவற்றுக்குப் பங்கு ஏடுகளையும் செவில்லா பேராயத்தின் காப்பகத்தையும் நாட வேண்டும். தேடும்போது எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும்: 1815இல் ஸ்பானிய அகாதெமி எழுத்துமுறையைத் திருத்தும்வரை இன்று ‘ஹோதா’ (j) எழுத்தால் எழுதப்படும் ஒலியைப் பல எழுத்தர்கள் ‘எக்கீஸ்’ (x) எழுத்தால் எழுதினார்கள், அழுத்தக்குறியும் பெரும்பாலும் இராது. இன்றைய வடிவத்தை மட்டும் தேடுகிறவர் பழைய ஏட்டில் அந்தப் பெயரைக் கடந்து போய்விடுவார்.

ஞானஸ்நான ஏடுகள் தொலைந்துபோனதால் ஏற்பட்ட அரை நூற்றாண்டு இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு நோட்டரி பத்திரங்களுக்குத்தான் அதிகம். ஒரு படகு விற்பனை, ஒரு சீதன ஒப்பந்தம், ஒரு உயில் என எதில் வேண்டுமானாலும் ‘ஜப்பானில் பிறந்த இன்னாரின் மகன்’ என்ற ஒரு வரி இருக்கக்கூடும். செவில்லாவின் 17ஆம் நூற்றாண்டு நோட்டரி ஏடுகள் மாகாண வரலாற்றுக் காப்பகத்தில் பெருந்தொகையாக இருக்கின்றன. தேட விரும்புபவர் கோரியா ஊர்ப் பத்திரங்களில், 1617க்கும் 1660களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலிருந்து தொடங்கலாம்.